நெறஞ்சுபோச்சுங்க

"2022, ஆடி 18. ஸ்டோர்ஸில் எலுமிச்சை சாதம், புளிசாதம். தான்சானியாக்காரர் போனில் வந்தார். பழைய ஆறு அங்குல மோட்டாருக்குத் த்ரஸ்ட் பேரிங் இருக்கிறதா என்று கேட்டார். அக்கா நெறஞ்சுபோச்சு என்றதற்கு ரொம்ப சந்தோஷம் என்றார். சிரித்தோம்."

என் நாட்குறிப்பில் அன்றைய தேதிக்கு இவ்வளவுதான் இருக்கிறது. நாள் தவறாமல் எழுதுகிற பழக்கம் எனக்கு உண்டு. ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, மழை பெய்ததா, எந்தத் துறைமுகத்துக்கு எந்தப் பெட்டி போனது, யார் வந்தார்கள், என்ன சாப்பிட்டோம். பெரும்பாலும் யாருக்கும் உதவாத செய்திகள். இந்த ஐந்து வரிகளை மட்டும் பலமுறை திருப்பிப் படித்துவிட்டேன். "சிரித்தோம்" என்ற இடத்துக்கு வரும்போது அறைக்குள் யாரோ வந்து நிற்பது போல இருக்கும். தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிவேன்.

பீளமேட்டைத் தாண்டிப் போகிற சாலையில், ஆழ்குழாய்க் கிணற்றுக்குள் இறக்குகிற மோட்டார் பம்பு செய்யும் நடுத்தரமான கம்பெனி எங்களுடையது. ஏற்றுமதிப் பிரிவு என் பொறுப்பு. வெளிநாட்டு வியாபாரிகளுக்குக் கடிதம் எழுதுவது, அவர்கள் வந்தால் முதலாளிக்கும் அவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கப் பேச்சை அந்தப் பக்கம் தள்ளுவது, கப்பலுக்கான காகிதங்களைத் தயார் செய்வது, இவைதான் வேலை.

நடுவில் உட்காருவது லேசானதல்ல என்று ஆரம்பத்திலேயே தெரிந்துகொண்டேன். ஒரு ஜெர்மன்காரர் வந்திருந்தார். மாதக் கடைசிக்குள் சரக்கு கிடைக்குமா என்று கேட்டார். முதலாளி கூரையைப் பார்த்து, "பாக்கலாமுங்க, பண்ணிப்போடலாமுங்க" என்றார். செய்துவிடலாம் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தேதியைக் குறித்துக்கொண்டு விமானம் ஏறினார். அவர் போனதும் முதலாளி என்னிடம், "மாசக் கடைசிக்கெல்லாம் எப்புடீங்க ஆகும்? மனுசன் அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்காரு, மூஞ்சிக்கு நேரா எப்புடிச் சொல்றது?" என்றார். அதற்குப் பிறகு அவர் கூரையைப் பார்த்துச் சொல்கிற "பாக்கலாமுங்க"வை முடியாது என்றே மொழிபெயர்த்தேன். வெளிநாட்டுக்காரர்கள் எங்கள் கம்பெனியை நேர்மைக்காகப் பாராட்டத் தொடங்கினார்கள். முதலாளிக்கு அது ஏன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

தான்சானியாக்காரருக்கு மட்டும் நான் நடுவில் உட்கார வேண்டியிருக்கவில்லை. அவருக்குத் தமிழ் தெரியும். பீளமேட்டில் பொறியியல் படித்தவர். மெஸ்ஸிலும் டவுன் பஸ்ஸிலும் வாடகை வீட்டுக்காரம்மாவிடமும் கற்ற தமிழ், அதனால் முழுக்க முழுக்கக் கோயமுத்தூர்த் தமிழ். படிப்பை முடித்து ஊர் திரும்பி பம்பு வியாபாரம் ஆரம்பித்து, எங்கள் டீலரானார். வருஷத்துக்கு ஒருமுறை வருவார். வந்ததும் முதலாளி அறைக்குப் போகமாட்டார், ஸ்டோர்ஸுக்குத்தான் போவார்.

ஸ்டோர்ஸ் என்றால் அக்கா. உதிரிபாகங்கள் எல்லாம் அவர் பொறுப்பில். கிணத்துக்கடவுப் பக்கமிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அம்மாவும் அப்பாவும் தென்னந்தோப்புகளில் கூலி வேலை பார்த்து அவரைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தார்கள். வயதில் என்னைவிட மூத்தவர். கம்பெனியில் முதலாளி உட்பட யாரையும் கேலி பேச அவருக்கு உரிமை இருந்தது.

தான்சானியாக்காரர் வந்தால் ஸ்டோர்ஸில் கச்சேரிதான். ஒரு தடவை நடந்தது நினைவில் இருக்கிறது. இந்தப் பேச்சை நாட்குறிப்பில் எழுதவில்லை, அதனால் எந்த வருஷம் என்று தெரியாது.

"கல்யாணம் ஆச்சா கண்ணு?" என்று அக்கா கேட்டார்.

"இன்னும் இல்லீங்க."

"கொளந்தை?"

"அதும் இன்னும் இல்லீங்க."

பேக்கிங் ஆட்கள் கொல்லென்று சிரித்தார்கள். அக்கா விடவில்லை. "பாம்பு கடிச்சிருக்குதா?"

"இன்னும் இல்லீங்கக்கா."

"போலீஸ்காரன் புடிச்சிருக்கானா?"

"இன்னும் இல்லீங்க."

"அடப் பாவமே, எல்லாத்துக்கும் காத்துட்டே இருக்கிறயே கண்ணு!" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தான்சானியாக்காரரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். வேடிக்கைக்காகச் சொல்கிறார் என்றே நினைத்தோம். சிரிப்புக்குள் அவர் முகத்தில் லேசான குழப்பம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. இப்போது தோன்றுவதை நம்பக் கூடாது என்றும் எனக்குத் தெரியும்.

அக்காவுக்கும் ஒரு பேச்சு வழக்கம் இருந்தது. அவர் "இல்லை" என்று சொல்லமாட்டார். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இது உண்டு. அரிசிப் பானை காலியானால் அரிசி தீர்ந்துவிட்டது என்றோ இல்லை என்றோ சொல்வதில்லை, நெறஞ்சுபோச்சு என்பார்கள். கேட்கிற பக்கத்து வீட்டுக்காரிக்குப் புரியும், புரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் ஒரு படி அளந்து கொடுப்பாள். சுடுகாட்டை நன்காடு என்று சொல்வதை இலக்கணத்தில் மங்கலம் என்று படித்திருக்கிறேன். அந்த வகைதான் இதுவும். அக்கா இந்தச் சொல்லை அப்படியே ஸ்டோர்ஸுக்குக் கொண்டு வந்துவிட்டார். கார்பன் புஷ் இருக்கிறதா என்றால் நெறஞ்சுபோச்சு. கேபிள் கிளிப் இருக்கிறதா என்றால் நெறஞ்சுபோச்சு. முதலாளிக்கு இது மிகவும் பிடிக்கும். அவரும் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர்தான், அவர் வீட்டிலும் இதே பேச்சுதான். "தொழில் நடக்கிற எடத்துல இல்லைங்கற வார்த்தை காதுல உளுகக் கூடாதுங்க" என்பார்.

ஒருநாள் நான் அக்காவிடம் கேட்டேன். "உங்க ஊட்லயும் இப்படித்தான் சொல்லுவீங்களாக்கா?"

"எங்கூட்டுல அரிசி நெறஞ்ச நாள்தானுங்க ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு அட்டைப் பெட்டியை ஒட்டப் போனார். நான் சிரிப்பதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தேன்.

இன்னொரு வழக்கமும் அவரிடம் இருந்தது. எந்தத் தட்டையும் முழுக்கக் காலியாக விடமாட்டார். ரேக்கில் ஒவ்வொரு உதிரிபாகத்துக்கும் ஒரு இரும்புத் தட்டு உண்டு. கடைசியாக ஒரே ஒரு உருப்படி மிஞ்சும்போது அதைக் கம்ப்யூட்டர் கணக்கிலிருந்து கழித்துவிட்டு, தட்டிலேயே விட்டுவைப்பார். பானையில் ஒரு கைப்பிடி அரிசியை விட்டுவைப்பது போல. ஆடிட்டர் இதைக் கேட்டுச் சண்டை போட்டபோது, "அது ஸ்டாக்குல சேராதுங்க, அது வெதை" என்றார். ஆடிட்டர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கூரையைப் பார்த்தார். அத்தோடு அது முடிந்தது.

ஆடிப் பதினெட்டுக்கு வருகிறேன்.

பேரூர்ப் பக்கம் ஆற்றுக்குப் போகிற கூட்டத்தால் பஸ்கள் எல்லாம் நிரம்பி வந்த நாள். அக்கா பெரிய தூக்கில் சாதம் கொண்டு வந்திருந்தார். கையில் சாதம் இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். ஒரு பெட்டிக்கான விவரத்தைச் சரிபார்க்க நான் அங்கே இருந்தேன், எனக்கும் ஒரு தட்டு வந்திருந்தது.

"ஏனுங்கக்கா, நல்லா இருக்கீங்களா? இன்னிக்கு ஆடி நோம்பிதானுங்க?"

"நாபகம் வெச்சிருக்கிறயே கண்ணு!"

"மெஸ்ஸுல அன்னிக்கு மட்டும் கலந்த சாப்பாடு போடுவாங்க. அதை எப்படீங்க மறப்பேன்?"

கொஞ்ச நேரம் சாப்பாட்டைப் பற்றிய பேச்சு. பிறகு விஷயத்துக்கு வந்தார். அவருடைய சொந்த ஊரில், மழை குறைவான மேட்டுநிலத்தில், அவருடைய கூடப்பிறந்த அக்கா ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே ஓடுவது எங்கள் பழைய ஆறு அங்குல மோட்டார், தான்சானியாக்காரரே இறக்கிக் கொடுத்தது. சுற்றுவட்டாரத்தில் வேறு கிணறு கிடையாது. அந்த மோட்டார் இப்போது சத்தம் போடுகிறது.

"அடியில இருக்கற த்ரஸ்ட் பேரிங் போயிட்டு இருக்குதுங்க. மழைக்கு இன்னும் மாசக்கணக்குல இருக்குது. அதுக்குள்ள நின்னுபோச்சுன்னா ஆஸ்பத்திரிக்கே தண்ணி கெடையாது. அந்த பேரிங் நம்மகிட்ட இருக்குங்களாக்கா?"

மோட்டாரின் சுழலும் பாரமெல்லாம் உட்காருவது த்ரஸ்ட் பேரிங் மேல்தான். அது தேயத் தொடங்கும்போதே மாற்றிவிட்டால் மோட்டார் பிழைத்துக்கொள்ளும். அந்த மாடலை நாங்கள் நிறுத்தி நாளாகியிருந்தது. அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே ரேக்கைப் பார்த்தார்.

"அது நெறஞ்சுபோச்சே கண்ணு."

"நெறஞ்சுபோச்சுங்களா! ரொம்ப சந்தோஷமுங்கக்கா. பொறவு பேசறனுங்க. வாரனுங்க."

போன் அணைந்தது. அக்கா என்னைப் பார்த்தார். "நான் என்னத்தச் சொல்றேன், அவன் என்னத்துக்குச் சந்தோஷப்படறான் பாருங்க."

"பழைய மாடல் தொலைஞ்சுதேன்னு இருக்கும்க்கா. இனிமே புதுசு விக்கலாமில்ல."

"இருக்கும், இருக்கும். அவனும் யாவாரிதானுங்களே."

சிரித்தோம்.

ஆவணியில் வேறொரு சரக்கு விஷயமாக அவருக்கு எழுதியபோது, ஆஸ்பத்திரி மோட்டார் எப்படி இருக்கிறது, நின்றுவிட்டதா என்று கேட்டேன். "இன்னும் இல்லீங்கண்ணா" என்று பதில் வந்தது. அவர் வழக்கமான வேடிக்கைப் பேச்சு, நன்றாகத்தான் ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

புரட்டாசி தொடக்கத்தில் அவரிடமிருந்து அவசரம் என்று குறித்து ஒரு மெயில் வந்தது. த்ரஸ்ட் பேரிங் ஒரு செட், விமானத்தில் அனுப்பவும். ஆபீசில் கம்ப்யூட்டரைப் பார்த்து, கையிருப்பு இல்லை, மாடல் நிறுத்தப்பட்டது என்று பதில் போட்டார்கள். சற்று நேரத்தில் என் போன் அடித்தது.

"அண்ணா, இல்லைன்னு மெயில் வந்திருக்குதுங்க. யாரோ மாத்தி அடிச்சுட்டாங்க போலிருக்குது. நெறஞ்சிருக்குன்னு அக்காவே சொன்னாங்களே."

நான் போனை எடுத்துக்கொண்டு ஸ்டோர்ஸுக்கு நடந்தேன். அக்காவின் முன்னால் வைத்து ஸ்பீக்கரைப் போட்டேன்.

"நெறஞ்சுபோச்சுன்னுதான கண்ணு சொன்னேன்" என்றார் அக்கா.

"ஆமாங்கக்கா. அதைத்தானுங்க நானும் சொல்றேன்."

இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு, அடுத்தவர் தொடர்வார் என்று காத்திருந்தார்கள். அக்காவுக்குத்தான் முதலில் புரிந்தது. உள்ளங்கையை மேசைமேல் அழுத்தி வைத்துக்கொண்டார்.

"கண்ணு, நெறஞ்சுபோச்சுன்னா..." என்று ஆரம்பித்தார். அப்போதும் அவர் வாயில் அந்தச் சொல் வரவில்லை. மறுபடி, "நெறஞ்சுபோச்சுன்னா கண்ணு..." என்றார்.

நான்தான் சொன்னேன். "தம்பி, அப்படின்னா இல்லைன்னு அர்த்தம்."

அவர் பாடம் ஒப்பிக்கிற மாணவன் போல நிதானமாகக் கேட்டார். "கண்டக்டர் பஸ் நெறஞ்சுபோச்சுன்னு சொல்லுவாருங்களே. அப்படின்னா உள்ள ஆளு நெறய இருக்காங்கன்னுதானுங்க அர்த்தம்?"

"ஆமாம் தம்பி. அது பஸ்ஸுக்கு."

"சரிங்க" என்றார். "மோட்டார் நின்னுபோச்சுங்கண்ணா. பிரசவத்துக்கு வர்ற பொம்பளைங்க ஆளுக்கு ஒரு கேன் தண்ணி கொண்டாரணும்னு எங்க அக்கா சொல்லிப்போட்டாங்க. டவுன்ல வேற கம்பெனி பம்பு ஒண்ணு இருந்துதுங்க. அதை வாங்காம நாந்தானுங்க விட்டேன். கோயமுத்தூர்ல பேரிங் நெறஞ்சிருக்குது, வேணுங்கறப்ப தருவிச்சுக்கலாம், இது எதுக்குன்னு. இப்ப அது வேற ஊருக்குப் போயிருச்சு."

"புள்ளத்தாச்சி தண்ணி சொமந்துட்டு வாரதா?" என்றார் அக்கா. போனைப் பார்த்துக் கேட்கவில்லை, ரேக்கைப் பார்த்துக் கேட்டார்.

"ஆகட்டுங்க" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். வாரனுங்க என்று சொல்லாமல் அவர் போனை வைத்து அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அக்கா என் பக்கம் திரும்பினார். "அவன் எத்தனை கேட்டிருக்கானுங்க?"

"ஒண்ணுக்கா. ஒரு செட்டு."

"ஒண்ணா?"

தான்சானியாக்காரர் எப்போதும் பெட்டிக் கணக்கில்தான் வாங்குவார். ஆடியிலும் பெட்டிக்குத்தான் கேட்கிறார் என்று அக்கா நினைத்திருந்தார். அவரும் எத்தனை என்று சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். மேல்வரிசையில் ஒரு தட்டுக்குள் கையை விட்டு, எண்ணெய்க் காகிதம் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். விதை. ஆடிப் பதினெட்டன்று நாங்கள் புளிசாதம் சாப்பிட்டபோது எங்கள் தலைக்கு மேலே இருந்தது அது.

அன்று மாலையே விமானத்துக்குக் கொடுத்துவிட்டோம். தட்டை வெறுமனே விட அக்காவுக்கு மனம் வரவில்லை. கைப்பையில் கோயில் பிரசாதத்தோடு இருந்த ஒரு மஞ்சள் கிழங்கை எடுத்துத் தட்டில் வைத்தார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும், "சும்மாதானுங்க" என்றார்.

ஆனால் பேரிங் மட்டும் போதுமா என்பது எனக்கு அப்போதே சந்தேகம். மோட்டார் தானாக நிற்கிற வரை ஓடியிருக்கிறது என்றால் பேரிங் நொறுங்கி, சுழலும் தண்டு கீழே உட்கார்ந்து உரசி, உள்ளே செப்புக் கம்பிச் சுற்றுகள் கருகியிருக்கலாம். ஆடியில் போயிருந்தால் அது ஒன்றே போதும். புரட்டாசியில் எதுவும் நிச்சயமில்லை. இதை அக்காவிடம் நான் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருக்கும். எந்த உருப்படி எதற்கு என்பது தெரியாமலா இத்தனை காலம் அந்த ரேக்குகளுக்கு நடுவில் இருந்தார்.

அடுத்த சில நாளில் ஆயுத பூஜை வந்தது. ஸ்டோர்ஸில் எல்லாத் தட்டுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பது முதலாளியின் வழக்கம். ஒவ்வொரு வரிசையாக வைத்துக்கொண்டே வந்தவர் மஞ்சள் கிழங்கு இருந்த தட்டுக்கு முன்னால் நின்றார்.

"இதென்னம்மணி, இங்க மஞ்சள்?"

"அதுல ஒண்ணும் இல்லீங்க" என்றார் அக்கா.

பேக்கிங் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். தேங்காயைக் கையில் வைத்திருந்தவர் உடைக்காமல் நின்றார்.

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு அம்மணி இது?"

"இல்லாததை இல்லைன்னுதானுங்க சொல்லணும். சொன்னாத்தான் கேக்கறவங்க வேற எடம் பாப்பாங்க."

முதலாளிக்கு விஷயம் தெரியும், நான் சொல்லியிருந்தேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்தத் தட்டுக்கும் சந்தனம் வைத்தார். விரல் கொஞ்சம் அதிக நேரம் அதில் இருந்தது. பிறகு, "அந்தத் தம்பி ஆஸ்பத்திரில தண்ணி வந்துதான்னு கேட்டீங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பொட்டலம் அங்கே போய்ச் சேர்ந்ததாகக் கூரியர் கம்பெனியின் தகவல் வந்தது. வாங்கியவர் கையெழுத்து ஒரு கோடு மட்டும். நான் குரல் செய்தி அனுப்புவேன். "தம்பி, பேரிங் மாட்டியாச்சுங்களா?" "இன்னும் இல்லீங்கண்ணா." "மெக்கானிக் என்ன சொல்றாரு? சரியாயிருமுங்களா?" "இன்னும் சொல்லலீங்க." "தண்ணி?" "இன்னும் இல்லீங்க." ஒவ்வொரு பதிலையும் தேதியோடு குறித்து வைத்தேன். இன்னும் என்ற சொல்லைப் பார்க்கும்போது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. இன்னும் என்றால் ஆகிக்கொண்டிருக்கிறது என்றுதானே பொருள். ஆபீசில் யாராவது கேட்டால், "நடந்துட்டு இருக்குதுங்க, இன்னும் முடியல" என்று அதையே சொன்னேன்.

ஒரு செய்தியின் பின்னணியில் ஒரு பெண் குரல் கேட்டது. அவர் அக்காவாக இருக்கலாம். அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார், தொடர்ந்து காலி வாளியைத் தரையில் வைக்கிற ஓசை. எங்கள் அக்கா அந்த ஓசையைக் கேட்டதும், "காலி வாளி" என்று உடனே சொன்னார்.

கார்த்திகையில் வந்ததுதான் கடைசிச் செய்தி. தண்ணி வந்துதுங்களா தம்பி என்று வழக்கம்போல் கேட்டிருந்தேன். "இன்னும் இல்லீங்கண்ணா" என்று சொன்னார். சொன்ன பிறகு பதிவை உடனே நிறுத்தவில்லை. மூச்சு கேட்கிறது. பிறகு தூரத்தில் ஒரு ஓசை தொடங்குகிறது. தகரத்தில் விழுவது போல. அது வலுக்கும் நேரத்தில் பதிவு அறுந்துவிடுகிறது.

அதற்குப் பிறகு அவர் எண் கிடைக்கவில்லை. மெயில் திரும்பி வந்தது. அவரிடம் சரக்கு வாங்கிய ஒரு கடைக்காரருக்கு எழுதினேன், எங்கள் டீலர் டவுன் கடையை மூடிவிட்டு ஊர்ப்பக்கம் போய்விட்டார் என்று மட்டும் பதில் வந்தது. ஏன் என்று எழுதியிருக்கவில்லை. ஊர் மக்கள் முன்னால் பேரிங் வந்துவிடும் என்று சொல்லியிருப்பாரா, சொன்னது நடக்காததால் டவுனில் இருக்க முடியாமல் போயிற்றா, அல்லது வேறு காரணமா, எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி முகவரிக்கும் ஒரு கடிதம் அனுப்பினேன். பதில் இல்லை.

மறு வருஷம் கோவையில் நடந்த ஒரு பம்புக் கண்காட்சிக்கு அதே நாட்டிலிருந்து வேறொருவர் வந்திருந்தார். அவருக்கு எங்கள் டீலரைத் தெரியாது. நாடு பெரியது என்றார். டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பேச்சுவாக்கில் அந்த இன்னும் இல்லீங்க கதையைச் சொன்னேன், பாம்பு, போலீஸ் உட்பட. அவர் சிரிக்கவில்லை. தங்கள் மொழியில் பாடோ என்று ஒரு சொல் உண்டு, இன்னும் இல்லை என்று பொருள், என்றார். நடந்ததா என்று கேட்டால் நடக்கவில்லை என்று வெட்டிச் சொல்வது சரியாக இருக்காது. வாழ்நாளெல்லாம் தனியாக இருந்த கிழவரிடம் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டாலும் பாடோ என்பார். இனி ஆகாது என்பது கேட்டவருக்கும் தெரியும். வாயால் அதை முடித்துவைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நான் டீயைக் கீழே வைத்தேன். எங்கள் அக்காவை நினைத்தேன். இல்லை என்று வெட்டிச் சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் இரண்டு பக்கமும். ஜெர்மன்காரருக்கு நடுவில் உட்கார நான் இருந்தேன். இங்கே எல்லோருக்கும் தமிழ் தெரிந்திருந்ததால் நடுவில் உட்கார ஆள் தேவையில்லை என்று நினைத்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்து, நாட்குறிப்பில் இருந்த இன்னும்களை எல்லாம் திரும்பப் படித்தேன். மோட்டார் நின்றுவிட்டதா, இன்னும் இல்லை. மாட்டியாயிற்றா, இன்னும் இல்லை. தண்ணீர் வந்ததா, இன்னும் இல்லை. இவற்றில் எது இன்னும், எது இல்லை என்று பிரிக்க முடியவில்லை. சொல்லும்போது அவர் குரல் எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். எல்லாமே ஒரே குரலாக, மரியாதையான, சற்றே சிரிக்கிற குரலாகக் கேட்டது. அது என் நினைவில் இருக்கிற குரல், அவருடையதல்ல.

இப்போதும் சில நாட்களில் டீ நேரத்தில் அக்கா என் மேசைக்கு வருவார். "ஏனுங்க சார், அதைக் கொஞ்சம் போடுங்க" என்பார். நான் கடைசிச் செய்தியைப் போடுவேன். இருவரும் குனிந்து கேட்போம். இன்னும் இல்லீங்கண்ணா. மூச்சு. பிறகு அந்த ஓசை.

"தண்ணிதானுங்க அது" என்பார் அக்கா. "டிரம்முல தண்ணி உளுகற சத்தம். அவன் சொல்லி முடிக்கறான், அப்பத்தான் மோட்டார் எடுக்குது. அதனாலதான் அப்புடியே போட்டுட்டு ஓடியிருக்கான்."

"தகரக் கூரைமேல மழைக்கா. அங்க கார்த்திகையிலதான் மழை தொடங்கும்."

"மழையின்னா மொதல்ல ஒண்ணு ரெண்டு சொட்டு உளுகும். இது எடுத்த எடுப்புல உளுகுது, கேளுங்க."

மறுபடி போடுவேன். சில நாள் எனக்கும் டிரம் என்றே தோன்றும். சில நாள் அது இரண்டுமே இல்லை, ஒரு பெண் கொண்டு வந்த கேனிலிருந்து வாளியில் ஊற்றுகிற சத்தம் என்று தோன்றும். அதை அக்காவிடம் சொன்னதில்லை. மேல்வரிசைத் தட்டில் மஞ்சள் கிழங்கு சுருங்கிக் கிடக்கிறது, யாரும் எடுப்பதில்லை.

பதிவின் கடைசியில் கேட்பது மோட்டார் கொண்டு வந்த தண்ணீரா, மழையா, சுமந்து வந்த தண்ணீரா என்பதை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் மோட்டார் மறுபடி ஓடியதா என்பதற்கும் என்னிடம் வேறு சான்று இல்லை.